அமெரிக்கக் கல்லூரி பாஸ்கெட்பால் அணியில் முதல் வருடம்: பெஞ்சிலிருந்து கோர்ட்டுக்குப் போகும் வழி

முதல் ஒன்பது கேமில் நான் ஆடியது மொத்தம் 11 நிமிடம். அதிலும் நாலு கேமுக்கு ஜெர்ஸியே போடவில்லை. கல்லூரி டி-ஷர்ட்டோடு பெஞ்சின் கடைசி நாற்காலியில் உட்கார்ந்து, மூச்சு வாங்கி வருகிறவர்களுக்குத் தண்ணீர் பாட்டில் நீட்டிக்கொண்டிருந்தேன். அடியும் படவில்லை, கோச்சோடு சண்டையும் இல்லை. என் ஒன்பதாம் வகுப்பு ரேங்க் கார்டு தொலைந்துபோயிருந்தது, அவ்வளவுதான்.

கோயம்புத்தூரில் பள்ளி அணி, கிளப் அணி என்று ஆடிவிட்டு, அமெரிக்காவின் நடுப்பகுதியில் ஒரு சிறிய கல்லூரிக்குப் போனவன் நான். அமெரிக்கக் கல்லூரி விளையாட்டை நடத்தும் என்சிஏஏ அமைப்பின் 2ஆம் பிரிவு, ஆண்கள் அணி, செலவில் ஏறக்குறைய பாதிக்கு உதவித்தொகை. தொலைக்காட்சியில் நாம் பார்க்கும் பெரிய பல்கலைக்கழகங்கள் 1ஆம் பிரிவு. 3ஆம் பிரிவில் விளையாட்டுக்கென்று உதவித்தொகையே கிடையாது. படிப்புக்கும் குடும்ப வருமானத்துக்கும் தருவதுதான். பெண்கள் அணிக்குப் போகிறவர்களுக்கும் கீழே உள்ள காகித வேலை எல்லாம் பொருந்தும், ஆட்ட விதிகள் மட்டும் கொஞ்சம் வேறு.

நவம்பரில் முதல் விசில் ஊதும்போது யாருக்கு எத்தனை நிமிடம் என்பது பெரும்பாலும் முடிவாகியிருக்கும். அக்டோபர் பயிற்சியில் யார் தினமும் கண்ணில் பட்டார்கள் என்பதுதான் கணக்கு. அதனால்தான் ஆட்டத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன் காகிதங்களைப் பற்றி இவ்வளவு எழுதுகிறேன்.

1. முதலில் நிமிடக் கணக்கு

ஆண்கள் கல்லூரி கேம் 20 நிமிடமாக இரண்டு பாதி. ஐந்து பேர், 40 நிமிடம், ஆகப் பங்கு போட இருப்பது 200 நிமிடம். தொடக்க ஐவர் ஆளுக்கு 30 நிமிடம் ஆடினால் 150 போய்விட்டது. மீதி 50இல் ஆறாவது ஆள் 20 எடுப்பார், ஏழாவது ஆள் 15. எட்டாவதும் ஒன்பதாவதும் மிச்சத்தைப் பிய்த்துக்கொள்ள வேண்டும். முதலாண்டு மாணவன் குறிவைக்க வேண்டியது அந்த எட்டாவது இடம்.

கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும் முன்பே அணியின் இணையப் பக்கத்தில் வீரர் பட்டியலைத் திறந்து, உங்கள் இடத்தில் ஆடுகிறவர்கள் எந்த ஆண்டு படிக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். மூன்று பேர் இருந்து, மூவரும் அடுத்த வருடமும் இருப்பார்கள் என்றால் அதை கோச்சிடம் வாய்விட்டுக் கேளுங்கள். நான் கேட்கவில்லை. “கேட்டா தப்பா நினைச்சுக்குவாங்கடா” என்றார் அப்பா. யாரும் தப்பாக நினைப்பதில்லை.

2. ஒன்பதாம் வகுப்பிலிருந்து எல்லா மதிப்பெண்ணும்

1, 2ஆம் பிரிவுகளில் ஆட என்சிஏஏ தகுதி மையத்தில் பதிவு செய்ய வேண்டும். வெளிநாட்டு மாணவருக்குக் கட்டணம் 150 டாலருக்கு மேல். அவர்கள் பார்ப்பது ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை. ஆங்கிலம், கணிதம், அறிவியல், சமூக அறிவியல் வகைகளில் 16 அடிப்படைப் பாடங்கள் தேற வேண்டும். அவற்றின் சராசரி, 4க்கு, 1ஆம் பிரிவுக்கு 2.3, 2ஆம் பிரிவுக்கு 2.2. எஸ்ஏடி என்ற கல்லூரி நுழைவுத் தேர்வின் மதிப்பெண் தகுதிக்குத் தேவையில்லை என்று 2023இல் எடுத்துவிட்டார்கள். கல்லூரி தனியாகக் கேட்டால் அது வேறு.

பொறி எங்கே என்றால், பத்தும் பன்னிரண்டும் நம்மிடம் போர்டு மதிப்பெண் சான்றிதழாகப் பத்திரமாக இருக்கும். ஒன்பதாம் வகுப்புக்கு இருப்பது அம்மா கையெழுத்துப் போட்ட ரேங்க் கார்டு, அதையும் யாரும் வைத்திருப்பதில்லை. நான் அங்கே போய்ச் சேர்ந்த பிறகு, செப்டம்பரில்தான் அது வேண்டும் என்று மின்னஞ்சல் வந்தது. பள்ளியில் பழைய பதிவேடு எந்த அறையில் இருக்கிறது என்றே தெரியவில்லை. அப்பா ஆறு முறை அலைந்தார். நடுவில் ஆயுத பூஜை விடுமுறை வேறு. தகுதிச் சான்று வரும்வரை முதலில் சில வாரம் பயிற்சிக்கு விடுவார்கள், பிறகு அதுவும் நின்றுவிடும்; கேமில் இறங்கவே முடியாது. எனக்குச் சான்று வந்த நாளில் நாலு கேம் முடிந்திருந்தது. என் இடத்தில் இன்னொரு முதலாண்டுப் பையன் நன்றாக உட்கார்ந்திருந்தான்.

ஆகவே பதினொன்றாம் வகுப்பிலேயே பள்ளி அலுவலகத்துக்குப் போய் ஒன்பது, பதினொன்று இரண்டுக்கும் பாடவாரியான மதிப்பெண் பட்டியலை, தலைமையாசிரியர் கையெழுத்தும் முத்திரையும் போட்டு, மூன்று படி வாங்கி வையுங்கள். தமிழில் இருந்தால் ஆங்கில மொழிபெயர்ப்பையும் சேர்த்து அனுப்ப வேண்டும்.

3. பரிசுப் பணத்தை மறைக்காதீர்கள்

அதே பதிவில் அமெச்சூர் தகுதிக்கான, அதாவது பணத்துக்கு ஆடியவரா இல்லையா என்ற, கேள்விகளும் வரும். எந்தெந்த அணிக்கு ஆடினீர்கள், பணம் வாங்கினீர்களா, ஒப்பந்தம் உண்டா, ஏஜென்ட் உண்டா. 3ஆம் பிரிவுக்குப் போகும் வெளிநாட்டு மாணவருக்கும் இது உண்டு.

நம் ஊர் டோர்னமென்ட்களில் கோப்பையோடு ரொக்கம் கொடுப்பது வழக்கம். கேப்டன் கவரை வாங்கி, பஸ் செலவும் பரோட்டா செலவும் போக மீதியைப் பிரித்துக் கொடுப்பார். தகுதி மையம் கவனிப்பது, ஆடப்போன செலவைத் தாண்டிக் கையில் எவ்வளவு நின்றது என்பதை. எந்த ஊர், எந்த வருடம், எவ்வளவு, எதற்குச் செலவானது என்று நினைவில் உள்ளதை எல்லாம் எழுதிக் கொடுங்கள். சின்னத் தொகையால் வந்த சிக்கலைவிட, மறைத்துப் பின்னால் யாராவது போட்ட புகைப்படத்தால் வந்த சிக்கல் பெரிது. விளையாட்டு ஒதுக்கீட்டில் வங்கியிலோ துறையிலோ சம்பளத்துக்குச் சேர்ந்திருந்தால், விண்ணப்பிக்கும் முன்பே கல்லூரியின் விதி அலுவலரிடம் பேசிவிடுங்கள். கம்ப்ளையன்ஸ் ஆபீசர் என்பார்கள். அடுத்த நாலு வருடம் உங்களுக்கு கோச்சுக்கு அடுத்த முக்கியமான ஆள் அவர்.

4. ஐ-20யில் என்ன தேதி?

இதை எனக்கு யாருமே சொல்லவில்லை. எஃப்-1 என்ற மாணவர் விசாவில் முதல்முறை போகிறவர், கல்லூரி அனுப்பும் சேர்க்கைப் படிவமான ஐ-20யில் உள்ள தொடக்கத் தேதிக்கு 30 நாளுக்கு முன்னால் அமெரிக்காவுக்குள் நுழைய முடியாது. என் படிவத்தில் ஆகஸ்ட் பிற்பகுதித் தேதி. சீனியர்கள் ஜூன், ஜூலை முழுக்கக் கல்லூரியிலேயே தங்கி வெயிட் தூக்கி, சாயங்காலம் தங்களுக்குள் ஆடிக்கொண்டிருந்தார்கள். நான் வீட்டு மொட்டை மாடியில் கயிறு தாண்டிக்கொண்டிருந்தேன். போய் இறங்கியபோது அவர்களுக்குள் ஒரு பாஷை உண்டாகிவிட்டிருந்தது.

கோடை வகுப்பில் ஒரு பாடம் எடுக்கச் சேர்வதாக இருந்தால், கோடைத் தேதியோடு ஐ-20 தரும்படி ஜனவரியிலேயே கேளுங்கள். அந்தப் பாடத்துக்கும் விடுதிக்கும் யார் பணம் கட்டுவது என்பதையும் அப்போதே கேளுங்கள். உதவித்தொகை கோடைக்கும் சேர்த்து என்று நீங்களாக எண்ணிக்கொள்ள வேண்டாம்.

நான் கட்டியது: வெளிநாட்டு மாணவர் பதிவுக்கான சேவிஸ் கட்டணம் 350 டாலர், விசா விண்ணப்பம் 185 டாலர். ஏப்ரல் முதல் ஜூலை வரை நேர்காணல் தேதிக்கு எல்லோரும் முண்டுவார்கள். ஐ-20 கைக்கு வந்த அன்றே விசா விண்ணப்பப் படிவமான டிஎஸ்-160ஐ நிரப்பிவிடுங்கள்.

5. மருத்துவக் காகிதங்கள்

முதல் பயிற்சிக்கு முந்தைய ஆறு மாதத்துக்குள் செய்த உடற்பரிசோதனை வேண்டும். பல கல்லூரிகள் தங்கள் மருத்துவரிடமே செய்யச் சொல்லும்.

சிக்கிள் செல் டிரெய்ட் (ரத்தச் சிவப்பணுவைப் பாதிக்கும் மரபணுக் கூறு) உண்டா இல்லையா என்ற ரத்தப் பரிசோதனை முடிவு தனியாக வேண்டும். நான் கொண்டுபோனது சாதாரண ரத்த எண்ணிக்கை அறிக்கை. “எல்லாம் நார்மல்” என்று அதில் இருந்ததை யாரும் மதிக்கவில்லை. அங்கே திரும்ப எடுத்து முடிவு வர மூன்று நாள் ஓரமாக உட்கார்ந்தேன். ஊரிலேயே ஹீமோகுளோபின் எச்பிஎல்சி பரிசோதனை என்று கேட்டு எடுத்து, அறிக்கையை முன்கூட்டியே, வீரர்களின் காயத்தையும் உடல்நலத்தையும் பார்க்கும் அத்லெடிக் டிரெய்னருக்கு அனுப்பி, போதுமா என்று கேட்டுவிடுங்கள்.

டிபி விஷயத்தில் இன்னொன்று. சின்ன வயதில் பிசிஜி போட்டவர்களுக்குத் தோலில் குத்திப் பார்க்கும் பரிசோதனை வீங்கிப் பொய்யாகப் பாசிட்டிவ் காட்டலாம். அப்புறம் எக்ஸ்ரே, மறுபடி சந்திப்பு என்று நாள் இழுக்கும். இக்ரா எனப்படும் ரத்தப் பரிசோதனையைக் கேளுங்கள். தட்டம்மை முதலியவற்றுக்கான எம்எம்ஆர் தடுப்பூசி இரண்டு டோஸ் போட்டதற்கு ஆதாரம் தேடி எடுங்கள்.

ஊக்கமருந்துப் பரிசோதனைக்கு ஒப்புதல் கையெழுத்து வாங்குவார்கள். பாட்டி கட்டிக்கொடுத்த லேகியத்தை நான் டிரெய்னர் மேசைமேல் வைத்தேன். முகர்ந்து பார்த்துவிட்டு, என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று பட்டியல் கேட்டார். பாட்டிக்கே தெரியாது. பெட்டிக்குள் போனது திரும்ப வெளியே வரவில்லை. ஜிம் கடைப் புரோட்டீன் பவுடருக்கும் இதே விதிதான்: காட்டாமல் குடிக்காதீர்கள்.

6. கணக்கில் வராத செலவுகள்

கல்லூரி மருத்துவக் காப்பீடு எனக்கு வருடத்துக்கு 2,000 டாலரை ஒட்டி வந்தது. உதவித்தொகைக்குள் அது இல்லை. கிறிஸ்துமஸ் விடுமுறையில் விடுதியும் உணவகமும் மூடிவிடும், ஆனால் அணிக்கு வருடக் கடைசியிலேயே பயிற்சி திரும்பத் தொடங்கும். ஊருக்கு வந்துபோக நாளும் இல்லை, டிக்கெட்டுக்குக் காசும் இல்லை. அந்த நாட்களுக்கு எங்கே தங்குவது, என்ன சாப்பிடுவது என்று அக்டோபரிலேயே கேளுங்கள். என்னை ஒரு சீனியர் தன் வீட்டுக்குக் கூட்டிப்போனார்.

வரி அடுத்தது. உதவித்தொகையில் படிப்புக் கட்டணத்துக்குப் போகும் பகுதிக்கு வரி இல்லை. தங்கவும் சாப்பிடவும் போகும் பகுதிக்கு உண்டு. எஃப்-1 மாணவருக்கு 14 சதவீதம் பிடிப்பார்கள். செப்டம்பரில் கல்லூரிக் கணக்கைத் திறந்தவனுக்குத் தலை சுற்றியது. ஆனால் இந்திய-அமெரிக்க வரி ஒப்பந்தத்தின் 21ஆவது பிரிவின்படி இந்திய மாணவர் நிலையான கழிவை, அதாவது வரிக்கு முன் வருமானத்திலிருந்து கழிக்கும் ஒரு தொகையை, கோரலாம். ஏப்ரல் 15க்குள் வெளிநாட்டவருக்கான வருமான வரிப் படிவமான 1040-என்ஆரைத் தாக்கல் செய்தால் பிடித்ததில் பெரும்பகுதியோ முழுவதுமோ திரும்பி வரலாம். 8843 படிவத்தை வருமானமே இல்லாவிட்டாலும் அனுப்ப வேண்டும்.

அணியில் மற்ற பையன்கள் தங்கள் பெயரையும் படத்தையும் வைத்து விளம்பரக் காசு வாங்குவார்கள். என்ஐஎல் என்பது அதன் பெயர். உங்கள் விசாவில் அது அனுமதியில்லாத வேலையாகிவிடக்கூடும். ஊர் பீட்சா கடைக்காரர் நூறு டாலர் நீட்டினாலும் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தைக் கேட்காமல் கைநீட்டாதீர்கள்.

7. 12 கிரெடிட்டுக்குக் கீழே இறங்காதீர்கள்

பாடங்களின் அளவை கிரெடிட்டில் எண்ணுவார்கள். செமஸ்டர் நடுவில் ஒரு பாடத்தை விட்டுவிட்டு 12 கிரெடிட்டுக்குக் கீழே போனால் அந்த நிமிடமே ஆடும் தகுதி போகும், விசா நிலையும் ஆட்டம் காணும். பயணம் அதிகம் என்று ஆன்லைன் பாடங்களாக எடுப்பதும் ஆபத்து. முழுநேரக் கணக்கில் எஃப்-1 மாணவருக்கு ஒரே ஒரு ஆன்லைன் பாடம்தான் சேரும். 2ஆம் பிரிவில் ஒவ்வொரு செமஸ்டரிலும் 9 கிரெடிட்டாவது தேறினால்தான் அடுத்த செமஸ்டரில் ஆட முடியும். பயண அட்டவணையை முதல் வாரமே பேராசிரியரிடம் கொடுங்கள், கேமுக்கு முந்தின நாள் போய் நிற்காதீர்கள்.

8. கைப்பழக்கத்தை மாற்றுங்கள்

நாம் ஆடிப் பழகியது ஃபிபா விதி, அதாவது சர்வதேச பாஸ்கெட்பால் கூட்டமைப்பின் விதி. மூன்று புள்ளிக் கோடு ஆண்களுக்கு 1ஆம் பிரிவில் 2019-20 பருவம் முதலும், 2, 3ஆம் பிரிவுகளில் 2020-21 முதலும் ஃபிபா தூரத்துக்கே வந்துவிட்டது, அதில் கவலை இல்லை. ஷாட் கிளாக், அதாவது பந்து கிடைத்த அணி ஷாட் அடிக்க உள்ள நேரம், 24க்குப் பதில் 30 விநாடி. பந்தைப் பாதிக்கோடு தாண்ட வைக்க 8க்குப் பதில் 10 விநாடி. அணி ஃபவுல் ஒவ்வொரு பாதிக்கும் தனியாக எண்ணப்படும். ஏழாவது ஃபவுலிலிருந்து முதல் ஃப்ரீ த்ரோ விழுந்தால்தான் இரண்டாவது கிடைக்கும். பத்தாவதிலிருந்து நேராக இரண்டு.

உயரமான ஆட்களுக்கு முக்கியம்: ஃபிபாவில் பந்து வளையத்தில் பட்டுவிட்டால் தட்டிவிடலாம். இங்கே வளையத்துக்கு நேர் மேலே பந்து இருக்கும்வரை தொடக்கூடாது. என் முதல் பயிற்சி ஆட்டத்தில் இரண்டு முறை அழகாகத் தட்டிவிட்டு, இரண்டு முறையும் எதிரணிக்குப் புள்ளி வாங்கிக் கொடுத்தேன்.

டைம்-அவுட்டை வீரரே கேட்கலாம். கீழே விழுந்து பந்தைப் பிடித்து, மூன்று பேர் மேலே விழும்போது இது உயிர் காக்கும். ஆனால் மிச்சம் எத்தனை என்று தெரிந்திருக்க வேண்டும். 1993 என்சிஏஏ 1ஆம் பிரிவு இறுதிப் போட்டியின் கடைசி விநாடிகளில் மிச்சிகன் அணியின் கிறிஸ் வெபர், இல்லாத டைம்-அவுட்டைக் கேட்டு டெக்னிக்கல் ஃபவுல் வாங்கினார். அணி தோற்றது.

9. பயிற்சியில் பெயர் வாங்குவது

சீசனில் அணிப் பயிற்சி வாரத்துக்கு 20 மணி நேரம், நாளுக்கு 4, ஒரு நாள் கட்டாய விடுமுறை. இந்த நேரத்தில்தான் உங்கள் நிமிடம் விளைகிறது.

நான் செய்த முதல் தவறு, பந்து கைக்கு வந்தால் புள்ளி அடித்துக் காட்டியே தீர வேண்டும் என்று நினைத்தது. ஊரில் அப்படித்தான் பெயர் வாங்கினேன். இங்கே புள்ளி அடிக்க ஏற்கெனவே மூன்று பேர் இருக்கிறார்கள். எட்டாவது ஆளை இறக்கும்போது கோச்சின் மனதில் ஓடுவது ஒரே பயம்: இவன் உள்ளே இருக்கும் மூன்று நிமிடத்தில் என்ன உடையும்? அந்தப் பயத்தைக் குறைக்கிறவனுக்கு நிமிடம்.

முதலாண்டுப் பையன்களை ஸ்கவுட் டீமில் போடுவார்கள். அடுத்த எதிரணியின் ஆட்டத்தை அப்படியே நடித்துக் காட்டித் தொடக்க ஐவருக்குப் பயிற்சி தருவது வேலை. எல்லோருக்கும் அலுப்பு. எனக்கும்தான், டிசம்பர்வரை. பிறகு ஒரு துணைக் கோச் சொன்னார்: ஆறு புதிய பிளேயை (திட்டமிட்ட ஆட்ட நகர்வை) அரை மணியில் பிழையில்லாமல் ஓட்டுகிறவனால் நம் பிளேயையும் ஓட்ட முடியும் என்று தலைமைக் கோச் குறித்து வைக்கிறார். மறுநாளிலிருந்து முந்தின இரவே எதிரணி வீடியோவை 20 நிமிடம் பார்த்துவிட்டுப் போனேன்.

எதிரணி ஆள் நம் வழியை உடம்பால் மறித்து ஸ்கிரீன் வைத்தால் என்ன செய்வது என்பதற்கு ஒவ்வொரு அணியிலும் சொற்கள் உண்டு. ஹெட்ஜ், டிராப், ஸ்விட்ச், ஐஸ். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் கால் எங்கே போக வேண்டும் என்று தெரிய வேண்டும். அதைவிட முக்கியம், பின்னால் நிற்கிறவன் அதைக் கத்திச் சொல்ல வேண்டும். எனக்கு இதுதான் கடினமாக இருந்தது. சீனியர்களைப் பார்த்துக் கத்துவதைத் திமிர் என்று சொல்லி வளர்த்தார்கள் நம்மை. “பேசு, பேசு” என்று கோச் தினமும் என்னைத் திட்டினார். ஒருநாள் அவசரத்தில் என்னை அறியாமல் “டேய், பின்னாடி!” என்று கத்திவிட்டேன். சீனியர் சரியாகத் திரும்பி ஸ்கிரீனைத் தாண்டினார். சத்தம் வந்த திசை போதும் போலிருக்கிறது.

எங்கள் அணியில் மாணவ மேனேஜர்கள் பயிற்சியிலும் கணக்கு எழுதினார்கள். கைபட்டுத் திசைமாறிய பந்து, பாக்ஸ்-அவுட் (ரீபவுண்டுக்கு வரும் எதிராளியை உடம்பால் தடுப்பது), வாங்கிய சார்ஜ் (மோத வருகிறவன்மேல் ஃபவுல் விழ வைப்பது), டர்ன்-ஓவர் (பந்தை எதிரணிக்கு இழப்பது). அந்தத் தாளைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். “எனக்கு ஏன் நிமிடம் இல்லை” என்று கோச்சிடம் போகாதீர்கள். “இந்த நாலு பாக்ஸ்-அவுட்டை ஏன் விட்டேன், வீடியோவில் காட்ட முடியுமா” என்று போங்கள். இரண்டாவது கேள்விக்குக் கதவை மூடிவிட்டு உட்கார்ந்து பதில் சொல்வார்.

10. பெஞ்சில் உட்காருவதும் ஒரு வேலை

ஒளிபரப்பாகும் கேம்களில் ஒவ்வொரு பாதியிலும் கடிகாரம் 16, 12, 8, 4 நிமிடத்தைத் தாண்டி ஆட்டம் நிற்கும்போது இடைவேளை வரும். ஆள் மாற்றம் பெரும்பாலும் இவற்றை ஒட்டி நடக்கும். 13, 14 நிமிடம் காட்டும்போதே மேல்சட்டைப் பொத்தானை அவிழ்த்து, முழங்காலை மடக்கி நீட்டிக்கொள்ளுங்கள்.

தொடக்க ஆட்டக்காரர் முதல் பாதியில் இரண்டாவது ஃபவுல் வாங்கினால் பெரும்பாலான கோச்கள் உடனே உட்கார வைத்துவிடுவார்கள். ஐந்தில் வெளியேற வேண்டும் அல்லவா, அந்த அச்சம். உங்கள் இடத்து ஆளின் ஃபவுலை விரலில் எண்ணிக்கொண்டிருங்கள்.

எனக்கு ஜனவரியில், வெளியூர் கேமில் அப்படித்தான் திறந்தது. என் இடத்தில் ஆடும் சீனியருக்கு ஏழாவது நிமிடத்திலேயே இரண்டு ஃபவுல். கோச் பெஞ்சை ஒரு பார்வை பார்த்தார். எனக்கு முன்னால் வர வேண்டியவன் கூட்டத்தில் யாரையோ தேடிக்கொண்டிருந்தான். நான் 13 நிமிடம் ஆடினேன்: 2 புள்ளி, ஒரு ரீபவுண்ட், ஒரு சார்ஜ், டர்ன்-ஓவர் இல்லை. செய்தித்தாளில் பெயர்கூட வராத கணக்கு. ஆனால் அடுத்த கேமிலிருந்து ஏறக்குறைய 10 நிமிடம் நிலையாகக் கிடைத்தது.

உள்ளே போகும்போது மேசைக்குப் போய்ப் பெயர் கொடுத்து, நடுவர் அழைக்கும்வரை குந்தியிருக்கும் அந்த நேரத்தில் மூன்று விஷயம் தெரிந்திருக்க வேண்டும்: யாரைக் காக்கிறேன், நம் ஃபவுல் எத்தனை, இப்போது எந்த டிஃபென்ஸ். முதல் ஒன்றரை நிமிடத்தில் ஷாட்டைத் தேடாதீர்கள். வியர்வை வரட்டும்.

அதற்காகத் தயங்கியே நிற்கவும் கூடாது. 2015 இறுதிப் போட்டியில் டியூக் பல்கலைக்கழகம் விஸ்கான்சினிடம் பின்தங்கியிருந்தபோது, அந்தப் பருவம் முழுக்கப் பெரும்பாலும் பெஞ்சில் இருந்த முதலாண்டு கிரேசன் ஆலன் உள்ளே வந்து 16 புள்ளி எடுத்தார். டியூக் 68-63 என்று வென்றது. அந்த அணியில் உதவித்தொகை வீரர்கள் எட்டே பேராகக் குறைந்திருந்தார்கள். எண்ணிக்கை எப்போது குறையும் என்று யாருக்குத் தெரியும்.

11. ரெட்ஷர்ட்: முதல் கேமுக்கு முன்பே முடிவு செய்யுங்கள்

ஒரு வருடம் பயிற்சி மட்டும் செய்து, கேமில் ஆடாமல், ஆடும் பருவத்தை மிச்சம் பிடிப்பது ரெட்ஷர்ட். பாஸ்கெட்பாலில் நெடுநாளாக, ஒரு நிமிடம் இறங்கினாலும் ஒரு பருவம் கழிந்தது என்றுதான் கணக்கு. 30 புள்ளி முன்னிலையில் கடைசி ஒரு நிமிடத்துக்கு ஆசையாக இறக்கிவிடுவார்கள், குடும்பமே வீடியோவில் கைதட்டும், ஒரு வருடம் காலி. இந்த விதிகளை அடிக்கடி மாற்றுகிறார்கள், பிரிவுக்குப் பிரிவு வேறுபாடும் உண்டு. உங்கள் வருடத்துக்கு என்ன விதி என்று விதி அலுவலரிடம் மின்னஞ்சலில் கேட்டுப் பதிலைச் சேமியுங்கள். வாய்ச்சொல் போதாது.

12. சீசன் முடிந்த வாரம்

மார்ச்சில் கோச் ஒவ்வொருவரையும் தனியாகக் கூப்பிட்டுப் பேசுவார். வேறு கல்லூரிக்கு மாறலாமா என்று மனம் அலைபாயும் நேரமும் அதுதான். மாறினால் ஐ-20யும் மாற வேண்டும், உதவித்தொகை புதிதாகப் பேச வேண்டும், அங்கேயும் எட்டாவது இடத்திலிருந்துதான் தொடக்கம். நான் மாறவில்லை. அந்தச் சந்திப்பில் மூன்றை எழுதி வாங்கிக்கொண்டேன்: அடுத்த வருட உதவித்தொகை எவ்வளவு, கோடையில் தங்க இடம் உண்டா, எந்த இரண்டு விஷயத்தைச் சரிசெய்தால் ஏழாவது இடம். “இடது கை. அப்புறம், இன்னும் சத்தமா” என்றார்.

ஊருக்குக் கிளம்புவதற்கு முன் ஐ-20யின் இரண்டாம் பக்கத்தில் பயணக் கையெழுத்து இருக்கிறதா, அது ஒரு வருடத்துக்குள் போட்டதா என்று பாருங்கள். எங்கள் அலுவலகத்தில் அதற்கு ஒரு வாரம் ஆனது. தேர்வு முடிந்த அன்று போய் நின்றால் ஆள் இருக்க மாட்டார்கள்.